இதற்கு யாது பெயரிடுவது?

சென்ற கோடை விடுமுறையில் யாமும் எம் வகுப்புத் தோழர் இருவரும் பழனி மலைமீதுள்ள நாயுடுபுரத்தில், மற்றொரு தோழரது இல்லத்தில் பத்து நாட்கள் தங்கியிருந்தோம். கோடைக்கானலுக்குச் செல்வோர் பலர் ஏரியைச் சுற்றி வந்து, படகேறி, வேகவைத்த சோளக்கதிர் உண்டு மீள்வர். நாயுடுபுரத்தின் சரிவான சந்துகளில் வாழ்வோர் காணும் கோடைக்கானல் வேறு. மாலை நான்கு மணி ஆகுமுன்னரே மூடுபனி ஏறி வந்து வாயிற்படியில் நின்றுவிடும். அதன்பின் வெளியே செல்வதற்கில்லை. மின்விளக்கும் தன் விருப்பப்படி எரியும், அணையும். ஆகவே, அவ்வில்லத்தில் மாலைப்பொழுதிற்கு இரண்டே தொழில்கள் உண்டு. ஒன்று தேநீர் அருந்துதல், மற்றொன்று வாதம் புரிதல்.

இவ்வாண்டு வாதத்திற்குப் பொருளாயமைந்தது பழைய ஒலிநாடா ஒன்று. அஃது இளையராஜா அவர்கள் 1986-ஆம் ஆண்டில் வெளியிட்ட ‘ஹௌ டு நேம் இட்?’ என்பது. ‘இதற்கு யாது பெயரிடுவது?’ என்று அதனைத் தமிழாக்கலாம். பாடலின்றிக் கருவியிசை மட்டுமே கொண்ட பத்து உருப்படிகள் அதில் உள. ‘அன்னக்கிளி’ வெளிவந்த 1976-ஆம் ஆண்டிற்குப் பத்தாண்டுகளின் பின்னர், திரைப்படத்திற்கென்றன்றித் தனியே அவர் இயற்றிய இசை இது. தியாகராஜ சுவாமிகளுக்கும், செர்மனி நாட்டு யோஹான் செபாஸ்தியன் பாக்கிற்கும் அவர் இதனைக் காணிக்கையாக்கினார். முதன்மை வயலினை வாசித்தவர் வி. எஸ். நரசிம்மன், பிற்காலத்தில் சென்னை நால்வர் தந்தியிசைக் குழுவை நிறுவியவரும் அவரே.

வெளிவந்து ஏறக்குறைய நாற்பதாண்டுகள் கழிந்த பின்னரும் இதனைப் பற்றிய சண்டை ஓயவில்லை. இஃது உயர்ந்ததா, உயர்ந்ததாயின் எம்முறையில் உயர்ந்தது, கருநாடக இசையா, மேனாட்டிசையா, இரண்டுமன்றோ என்று இரசிகர் இன்றும் பிரிந்து நிற்கின்றனர். நாயுடுபுரத்து அவ்வில்லத்திலோ இச்சண்டைக்கு வேறொரு காரணமும் இருந்தது. எம் தோழர் வயலின் பயில்பவர். ஒருபுறம் கருநாடக முறையிலும், மற்றொருபுறம் மேனாட்டுத் தேர்வு முறையிலும் சில ஆண்டுகளாகக் கற்று வந்தார். இரு ஆசிரியருள் ஒருவர், ‘உன் விரல் கெட்டுவிட்டது, ஒன்றை விட்டுவிட்டு வா’ என்று கூறிவிட்டார். எம் தோழர் இரண்டையுமே விட்டுவிட்டார். ஆறு திங்களாகப் பெட்டி திறக்கப்படாமல் அலமாரியின்மேல் கிடந்தது. அவரை யாரும் அதுபற்றி வினவவில்லை. ஆயினும், அந்த ஒலிநாடாவைப் பற்றிப் பேசிய ஒவ்வொருவரும் அப்பெட்டியைப் பற்றியே பேசினர் என்பதை யாம் மூன்றாம் நாளன்றுதான் உணர்ந்தோம்.

வாதத்தைத் தொடங்கியவர் தோழரின் தமையனார். அவர் கிடார் வாசிப்பவர்; மேனாட்டு ராக் இசையில் ஊறியவர். அவரது கட்சி இது: பிரித்தானிய இளைஞர் சிலர் 1969-ஆம் ஆண்டு முதலாகச் சில ஆண்டுகள் ராக் இசையைச் சிறு பாட்டென்னும் சிறையினின்று மீட்டு, செவ்வியல் இசையின் பெரும் வடிவங்களோடு பிணைத்தனர். அதற்கு ‘புரோகிரெசிவ் ராக்’, அஃதாவது முற்போக்கு ராக் என்று பெயர். யெஸ் என்னும் குழுவினர் 1972-இல் வெளியிட்ட ‘குளோஸ் டு தி எட்ஜ்’ என்பதன் தலைப்புப் பாட்டு இசைத்தட்டின் ஒரு பக்கம் முழுவதையும், பதினெட்டு நிமிடங்களுக்கு மேலாக, நிரப்புவது. எமர்சன், லேக், பாமர் என்னும் மூவர் உருசிய நாட்டு முசோர்க்ஸ்கியின் ‘ஓவியக் கண்காட்சி’யை 1971-இல் ராக் கருவிகளில் வாசித்தனர். ஜெத்ரோ டல் குழுவினர் பாக் இயற்றிய ‘பூரே’ என்னும் நடன இசையை 1969-இல் புல்லாங்குழலில் எடுத்து அதனோடு விளையாடினர். பிங்க் பிளாய்டு குழுவின் ‘தி டார்க் சைடு ஆஃப் தி மூன்’ 1973-இல் வெளிவந்து, 1988 வரையில் அமெரிக்க விற்பனைப் பட்டியலில் 741 வாரங்கள் இடம்பெற்றது. ‘இவர்கள் செய்ததையே பண்ணைப்புரத்துக்காரர் நம் மண்ணில் செய்தார்; ஆகவே இதுவும் அவ்வினமே’ என்றார் அவர்.

இக்கட்சி கேட்பதற்கு இனியது. ஆயின் நெடுநேரம் நிற்கவில்லை. பிங்க் பிளாய்டின் தட்டிலும் உருப்படிகள் பத்தே. எனினும், அவை ஒன்றினுள் ஒன்று கரைந்து ஒரே ஆறாக ஓடுவன. இளையராஜாவின் பத்தும் பத்துக் குளங்கள். ஒவ்வொன்றும் தன் கரையோடு நிற்பது. மேலும், ராக் என்னும் சொல்லுக்கு உயிராகிய முழக்கம் இங்குத் தலைமை பெறவில்லை. ஒன்று மட்டும் தமையனார் பக்கம் உண்மை. பாக்கைக் கண்ணாடிப் பேழையினின்று வெளியே எடுத்து உடன் அமர்த்திக்கொள்ளும் துணிவு அவ்விளைஞர்க்கும் இவர்க்கும் பொது.

அந்தத் துணிவையே குற்றமாகக் கண்டவர் தோழரின் தாய்மாமன். அவர் திருச்சபைப் பாடகர் குழுவை நடத்துபவர், ஆர்கன் வாசிப்பவர், பாக்கின் பெயரைத் தாழ்ந்த குரலிலேயே உச்சரிப்பவர். அவரைச் சினமுறச் செய்தது ‘ஐ மெட் பாக் இன் மை ஹவுஸ்’, அதாவது ‘பாக்கை என் இல்லத்தில் சந்தித்தேன்’ என்னும் உருப்படி. அதன் அடிப்படை, பாக் 1720-ஆம் ஆண்டிற் கையெழுத்துப் படியாக முடித்த தனி வயலின் இசைகளுள் மூன்றாம் பார்த்திதாவின் முகவுரை. துணைக்கருவி யாதுமின்றி, ஒரு வயலின் மட்டும் மூச்சுவிடாமல் ஓடுகின்ற 138 தாளப் பகுதிகள் அதில் உள. ஒரே வயலினில், திறந்த தந்தியும் விரல் பதித்த தந்தியும் மாறி மாறி ஒலித்து இருவர் வாசிப்பதுபோன்ற மயக்கம் தோன்றும். ‘பாக் தனியே நிற்க எழுதியதற்கு இவர் துணை சேர்த்தது ஏன்? நிறைந்த குடத்தில் நீர் ஊற்றுவார் உண்டோ?’ என்றார் மாமா.

இங்கு யாம் எம் சிற்றறிவிற் கண்டதைச் சொல்ல நேர்ந்தது. குடம் நிறைந்தது என்று பாக்கே கருதவில்லை. அம்முகவுரையையே அவர் 1731-ஆம் ஆண்டில், லைப்சிக் நகரமன்றத்திற்கென இயற்றிய இருபத்தொன்பதாம் கந்தாத்தாவின் தொடக்கமாக மாற்றி எழுதினார். வயலின் வாசித்ததை ஆர்கனுக்குத் தந்து, எக்காளமும் முரசும் வயலின் குழுவும் சூழ வைத்தார். அவருக்குப்பின் சூமான் 1853-இல் அத்தனி வயலின் இசைகளுக்கெல்லாம் பியானோத் துணை எழுதினார். இராக்மானினாஃப் 1933-இல் அம்முகவுரையைப் பியானோவுக்கே மாற்றினார். இனி, பாக்கின்மேல் புதிய இராகம் ஏற்றுதல் புதுமையோ எனின், அதுவும் அன்று. நம் ஆலயத் திருமணங்களிற் கேட்கப்படும் கூனோவின் ‘ஆவே மரியா’ யாது? பாக்கின் சி-மேஜர் முகவுரையை அடியில் ஓடவிட்டு, மேலே தம் பாட்டைப் படரவிட்டதே அது. அதனைக் கேட்டு மனமுருகும் மாமா, இதனைக் கேட்டு முகம் சுளிப்பானேன்? இவ்வாறு யாம் வினவியபொழுது அவர் தேநீர்க் கோப்பையை நோக்கிக்கொண்டிருந்தார், விடையிறுக்கவில்லை. ‘கூனோ அடக்கமாகச் செய்தார்’ என்று சற்றுப் பொறுத்துச் சொன்னார். அது விடையன்று, ஆனால் நேர்மையான உணர்ச்சி.

மூன்றாம் கட்சியினர் அடுத்த இல்லத்துப் பெரியவர். அஞ்சல் துறையில் ஊழியம் செய்து ஓய்வு பெற்றவர். தை மாதத்தில் திருவையாற்று ஆராதனைக்குத் தவறாது சென்று வந்தவர். அவருக்குப் பாக்கைப் பற்றிக் கவலை இல்லை. இராகத்தைப் பற்றியே கவலை. அவர் கூற்றே எம்மை அதிகம் சிந்திக்க வைத்தது. ஆதலின், அதனைச் சற்று விரித்து எழுதுகின்றோம்.

இந்நாடாவில் ‘மேட் மாட் மூட் ஃபியூக்’ என்றோர் உருப்படி உண்டு. ஃபியூக் என்பது இலத்தீன் மொழியில் ஓட்டத்தைக் குறிக்கும் சொல்லின் வழிவந்தது. ஒரு திண்ணையில் ஒருவர் ஒரு கதையைச் சொல்லத் தொடங்குகிறார் என்று கொள்க. அவர் முதல் வாக்கியத்தை முடித்து மேலே செல்லுங்கால், மற்றொருவர் அதே கதையை முதலிலிருந்து, சற்று உயர்ந்த குரலில் தொடங்குகிறார். முன்னவர் வாளா இராமல், பின்னவர் கதைக்குப் பொருந்தும் வேறு பேச்சைப் பேசிக்கொண்டேயிருக்கிறார். பிறகு மூன்றாமவர், நான்காமவர். எல்லோரும் ஒருங்கே பேசியும் ஒவ்வொருவர் சொல்லும் தெளிவாகக் கேட்குமாறு அமைப்பதே ஃபியூக். இரண்டாங்குரல் பெரும்பாலும் முதற்குரலுக்கு ஐந்தாம் சுரத்தில் நுழையும். ‘ச’வில் தொடங்கியது ‘ப’வில் மறுமொழி பெறும்.

இங்கேதான் இடர். சங்கராபரணத்தில் ஒரு பாட்டைத் தொடங்கி, அதனை அப்படியே பஞ்சமத்திற்கு ஏற்றிப் பாடினால், இசையிடைவெளிகள் மாறாதிருக்கவேண்டி, சங்கராபரணத்தில் இல்லாத பிரதி மத்திமம் உள்ளே வந்துவிடும். அது கலியாணியின் சுரம். மேனாட்டார்க்கு இது குற்றமன்று. அவர் இசை சுருதி நிலையை மாற்றி மாற்றிப் பயணம் செய்வது. நமக்கோ அயல் சுரம் ஒன்று நுழைந்தால் இராகமே வேறாகிவிடும். ஆகவே, இராகத்தில் ஃபியூக் எழுதுபவர் மறுமொழியின் இடைவெளிகளைச் சிறிது வளைத்து, இராகத்தின் சுரங்களுக்குள்ளேயே அடக்கவேண்டும். அல்லது இராகத்தை விட்டுவிட வேண்டும்.

இதனினும் பெரிய இடர் கமகம். தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதன்று. அசைவதே அதன் இயல்பு. பல குரல்கள் ஒன்றோடொன்று பொருந்தி ஒலிக்கவேண்டுமாயின் ஒவ்வொன்றும் தன் இடத்தில் நிலைத்து நிற்றல் வேண்டும். நால்வரும் அசைந்தால் ஒலி கலங்கும். நால்வரும் அசையாது நின்றால் இராகம் மரப்பொம்மையாகும். ‘தம்பி, எங்கள் காந்தாரத்தை ஆணியடித்து நிறுத்திவிட்டு, அதற்குத் தியாகராஜர் பெயரையும் சூட்டினால் நான் என் செய்வேன்?’ என்று பெரியவர் கேட்டபொழுது, நகைப்பதா வருந்துவதா என்று எமக்குத் தெரியவில்லை.

அவர் கேள்விக்கு விடை நாடாவிலேயே ஓரளவு உண்டு என்பது எம் துணிபு. இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் கேட்டபொழுது, இசையமைப்பாளர் இவ்விடரை அறியாதவர் அல்லர் என்பது விளங்கிற்று. முதன்மை வயலின் பேசுமிடங்களில் கமகம் குன்றவில்லை. சூழ நிற்கும் தாழ்குரல் கருவிகளே நேராக நிற்கின்றன. அசைவது ஒன்று, தாங்குவது மற்றவை. எல்லாக் குரல்களும் ஒருங்கே ஓடுமிடங்களில் அசைவு குறைந்து, சுரங்கள் கூர்மையாகக் கேட்கின்றன. அவ்விடங்களில் பெரியவர் இழந்ததாகச் சொன்னது உண்மையாகவே இழக்கப்படுகிறது, அதை மறுத்தற்கில்லை. இழந்ததற்கு ஈடாக வந்தது யாது என்பதில்தான் வழக்கு.

மேனாட்டிசையை நம்மவர் கண்டு அஞ்சிய காலமும் அன்று, வயலின் வந்த காலம். பாலுசுவாமி தீட்சிதர் அதனை ஐரோப்பியர் ஒருவரிடம் கற்றார். அவர் தமையனார் முத்துசுவாமி தீட்சிதர் மேனாட்டு மெட்டுகளுக்கு வடமொழிச் சாகித்தியம் இயற்றினார். அந்நோட்டு சுர சாகித்தியங்கள் யாவும் சங்கராபரணத்தில் அமைந்தவை. அவற்றுள் ஒன்று ஆங்கில அரசவாழ்த்தின் மெட்டு. பெரியவரிடம் இதனைச் சொன்னோம். ‘அவர் மெட்டைத்தான் எடுத்தார், ஒரு குரலில்தான் பாடினார்’ என்றார். சரியான மறுமொழி. பெரியவர்களோடு வாதாடுவதன் பயன் இதுவே. நம் சான்றே நமக்கு எதிராகத் திரும்பும்.

நம் ஆலயத்தில் வளர்ந்தோர்க்கு இவ்வழக்கு வேறுவகையில் அணுக்கமானது. ஞாயிறுதோறும் நாம் ஞானப்பாட்டும் பாடுகிறோம், கீர்த்தனையும் பாடுகிறோம். முன்னது செர்மானிய மெட்டு; பின்னது தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் முதலானோர் வழி வந்த இராக தாளம். சீகன்பால்கு தரங்கம்பாடியில் வந்திறங்கிய 1706-ஆம் ஆண்டில் பாக்கிற்கு வயது 21. பாக் தம் மத்தேயு நற்செய்திப் பாடுகளிற் பலமுறை கையாண்ட பாடல்மெட்டு ஒன்றை, பெரிய வெள்ளியன்று நம் பாட்டிமார் கண்ணீரோடு தமிழிற் பாடக் கேட்டிருக்கிறோம். அவர்கள் அதனை அயல் இசை என்று கருதியதில்லை. பாக்கைத் தம் இல்லத்தில் சந்தித்ததாக இளையராஜா 1986-இல் தலைப்பிட்டார். பாக்கின் அயலவர் நம் இல்லங்களுக்கு வந்து மூன்று நூற்றாண்டுகள் ஆகின்றன. ஆயினும், ஞானப்பாட்டும் கீர்த்தனையும் ஒரே ஆராதனையில் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றனவேயன்றி ஒன்றோடொன்று பேசியதுண்டோ? தஞ்சை ஆபிரகாம் பண்டிதர் 1917-இல் ‘கருணாமிர்த சாகரம்’ வெளியிட்டுச் சுருதிகளை ஆராய்ந்த காலத்திலும், ஆலயத்தில் அவ்விரண்டும் ஒரே வரிசையில் அமர்ந்து பேசாதிருக்கும் உறவினர்போலவே இருந்தன. பாக்கைச் சந்தித்த உருப்படிக்கு அடுத்ததற்கு ‘அண்டு வீ ஹேட் எ டாக்’, ‘யாம் உரையாடினோம்’ என்று பெயர். எமக்கு இந்நாடா முழுவதிலும் விருப்பமான பெயர் அதுவே.

பெயர்களைப் பற்றி ஒரு சொல். ‘யூ கேனாட் பி ஃபிரீ’, ‘இட் இஸ் ஃபிக்ஸ்டு’, ‘டோன்ட் கம்பேர்’, ‘டூ எனிதிங்’ என்பன வேறு சில தலைப்புகள். கட்டின்றி இருத்தல் இயலாது, இது வரையறுக்கப்பட்டது, ஒப்பிடற்க, எதுவும் செய்க. இலக்கணம் பயிலும் எமக்கு இவ்வரிசை ஒரு நூலின் இயல்போலவே தோன்றியது. விதிகள் பல கூறி, இறுதியில் ‘இவற்றுள் அடங்காதனவும் உளவேல் கொள்க’ என்று ஆசிரியர் புறனடை வைப்பாரன்றோ? ‘எதுவும் செய்க’ என்பதே இறுதி உருப்படி. இதனைத் தோழரிடம் கூறினோம். அவர் ஆறு திங்களில் முதன்முறையாக இசையைப் பற்றிச் சிரித்தார். ஆங்கிலத்தில் அன்றித் தமிழில் பெயரிட்டிருக்கலாகாதா என்பது எம் மனக்குறை. ஒப்பிடாதே என்று தலைப்பிட்ட ஒன்றை வைத்துக்கொண்டு நாற்பதாண்டுகளாக ஒப்பிட்டு வருகின்ற இரசிகர்களைப் பற்றி என் சொல்வது?

வேறு குறைகளும் உண்டு. சில உருப்படிகள் வளரத் தொடங்கும்பொழுதே முடிந்துவிடுகின்றன. திரைப்பாட்டின் நிமிடக் கணக்கிற் பழகிய கை அங்கே தெரிகிறது. தாளக்கருவி வயலினை முந்திக்கொண்டு ஓடும் இடங்களும் உள. தனிக் கச்சேரி இசையாக இதனைக் கொண்டாடுவோர்க்கு மற்றொரு நெருடலும் உண்டு. பாலு மகேந்திரா 1988-இல் வெளியிட்ட ‘வீடு’ திரைப்படத்திற்குப் பின்னணியாக அமைந்தது இந்நாடாவின் இசையே. அப்படத்தில் பாடல்களே இல்லை. நடுத்தரக் குடும்பத்துப் பெண்ணொருத்தி சிறுவீடு ஒன்று கட்டப் படும் பாட்டைக் கூறும் கதை அது. செங்கலும் சிமென்டும் கடனும் நிறைந்த அக்கதையில், தியாகராஜர்க்கும் பாக்கிற்கும் காணிக்கையான இசை பொருந்தியதெவ்வாறு என்று தமையனார் வியந்தார். பெரியவர் மட்டும் வியக்கவில்லை. அவர் வீடு கட்டியவர்.

பின்னாளில் இவ்விசையமைப்பாளர் 2005-இல் திருவாசகத்தைப் பெருங்குழு இசையில் அமைத்தார். தம் ‘வேலியன்ட்’ சிம்பொனியை 2025-ஆம் ஆண்டு மார்ச்சு 8-ஆம் நாள் இலண்டனில் இராயல் பில்ஹார்மோனிக் குழுவினரைக்கொண்டு அரங்கேற்றினார். பெரியவற்றைக் கேட்டபின் இச்சிறு நாடாவைக் கேட்போர், விதையைக் கண்டதாக மகிழ்வர் சிலர்; விதையே மரத்தினும் இனிதென்பர் சிலர். யாம் இரண்டாம் வகையினர்.

ஏழாம் நாள் மாலை மின்விளக்கு அணைந்தது. நாடா நின்றது. தமையனார் மின்கல வானொலியைத் திருப்ப, கோடைப் பண்பலையில் பழைய திரைப்பாட்டொன்று ஒலித்தது. மலையுச்சியினின்று புறப்படுவதால் அவ்வொலிபரப்பு கீழே பல மாவட்டங்களுக்கும் எட்டுகிறது. மதுரையிலுள்ள எம் இல்லத்திலும் அந்நேரம் அதே பாட்டுத்தான் ஒலித்திருக்கும். சற்று நேரத்தில் வானொலியும் ஓய்ந்தது. இருளில் ஒருவரும் பேசவில்லை. அப்பொழுது எம் தோழர் எழுந்து, மெழுகுவர்த்தியோடு அலமாரியை அணுகிப் பெட்டியை இறக்கினார்.

தந்திகள் கருநாடக முறையில், ச-ப-ச-ப என்று சேர்க்கப்பட்டிருந்தன. பாக்கின் முகவுரைக்கு மேல்தந்தி ஈ என்னும் சுருதியில் திறந்து ஒலித்தாலன்றி அந்த இருவர் வாசிப்பது போன்ற மயக்கம் பிறவாது. ஆகவே மேல்தந்தியை ஏற்றவேண்டும். பழந்தந்தி, குளிரில் விறைத்தது. முன்னர் இவ்வாறு ஏற்றியும் இறக்கியுமே பல தந்திகள் அறுந்தன என்று அவர் எமக்குச் சொல்லியிருந்தார். ஓர் ஆசிரியர் இல்லத்தினின்று மற்றோர் ஆசிரியர் இல்லத்திற்குச் செல்லும் வழியில், பேருந்து நிலையத்து இருக்கையில் அமர்ந்து செய்துவந்த வேலை அது. முளையை அவர் மெல்லத் திருகினார். மாமா தம் சுருதிக்குழலை எடுத்து ஊதிக் காட்டினார். தந்தி முனகியது, அறவில்லை.

மேனாட்டார் நின்றுகொண்டு தோளில் தாங்கி வாசிப்பர். எம் தோழர் தரையிற் சம்மணமிட்டு அமர்ந்து, வயலின் தலையைக் காலில் ஊன்றிக்கொண்டார். மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சொல்லவில்லை. முகவுரை தொடங்கிற்று. ஆறு திங்களாக வில் பிடியாத கை இருமுறை தடுமாறிற்று, முற்பாதியளவில் நின்றும்விட்டது. பெரியவர் இருளில் தொடையில் தாளமிட்டுக்கொண்டிருந்தது அப்பொழுதுதான் எமக்குக் கேட்டது.

‘தம்பி, அந்தச் சங்கராபரணத்தை விட்ட இடத்திலிருந்து எடு’ என்றார் அவர்.